உன் ப்ராஜெக்ட்ல என்ன மிருகம்?

ஃபைனல் இயர் சி.எஸ்.இ. பசங்க காரிடாரில் பார்த்துக்கொண்டால் "எந்தக் கம்பெனி வருது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் பேட்ச்சில் அதையும் முந்திக்கொண்டு ஒரு கேள்வி வந்துவிட்டது. "உன் ப்ராஜெக்ட்ல என்ன மிருகம்?"

சிரிக்காதீங்க பாஸ், சீரியஸ்! ஒருத்தனுக்கு சாம்பல் ஓநாய். ஒருத்திக்கு வௌவால். பக்கத்து செக்‌ஷனில் மின்மினிப் பூச்சியும் குயிலும். எங்கள் மூணு பேர் டீமுக்கு வாய்த்தது திமிங்கலம். லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டார், "என்ன ப்ராஜெக்ட்டுடா?"

"திமிங்கலம்மா."

"கம்ப்யூட்டர்தானே படிக்கிற?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா, முதலில் காலேஜ் எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போகணும்.

ரெக்கார்டு சப்மிஷனுக்கு முந்தின நாள். கடையில் ரெண்டு மெஷின். வரிசையில் அஞ்சு பேர். ரெண்டு பேருக்கு மூணு மூணு நிமிஷ வேலை, மத்த மூணு பேருக்கு ரெண்டு ரெண்டு நிமிஷ வேலை. கடைக்கார அண்ணன் எந்த வேலையை எந்த மெஷினில் போட்டால் சீக்கிரம் ஷட்டரை இறக்கலாம்? 'பெருசு முதலில்' என்பது நம் எல்லோருக்கும் தோன்றுகிற வழி. மூணு நிமிஷ வேலைகளை ஆளுக்கொரு மெஷினில் போடு, அப்புறம் சின்னதை எது காலியோ அதில் போடு. கணக்குப் பண்ணிப் பாருங்க, 7 நிமிஷம் ஆகும். ஆனால் ரெண்டு மூணையும் ஒரே மெஷினில், மூணு ரெண்டையும் இன்னொன்றில் போட்டால்? 6 நிமிஷம்!

இதேதான் கிளவுடிலும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பதில் விஎம், அதாவது ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பிரித்துக் கொடுக்கப்பட்ட கற்பனைக் கம்ப்யூட்டர். ஜெராக்ஸ் வேலைக்குப் பதில் டாஸ்க். கடைசி டாஸ்க் முடிகிற நேரத்துக்கு மேக்ஸ்பேன் என்று பெயர். அதைக் குறைக்கணும். அவ்வளவுதான் கதை.

அவ்வளவுதான் கதை என்றால் எல்லா வழியையும் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். 10 விஎம், 100 டாஸ்க். ஒவ்வொரு டாஸ்க்கும் 10 இடத்தில் எங்கே வேணும்னாலும் போகலாம். மொத்த வழிகள், 1-க்குப் பின்னால் 100 பூஜ்யம். அந்த எண்ணுக்குத்தான் கூகோல் என்று பெயர் (ஆமாம், கூகுள் கம்பெனியின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்). நம் கண்ணுக்கு எட்டுகிற பிரபஞ்சத்தில் இருக்கிற அணுக்களின் எண்ணிக்கையே சுமார் 1-க்குப் பின்னால் 80 பூஜ்யம் என்கிறார்கள். ஆக, எல்லாவற்றையும் பார்த்து முடிக்கிறது நம்ம ஜென்மத்தில் இல்லை. 'பெஸ்ட்' வேண்டாம், 'நல்லா இருக்கு' என்கிற விடை போதும் என்று இறங்கி வந்தபோதுதான் ஆராய்ச்சியாளர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

1975-ல் ஜான் ஹாலண்ட் பரிணாமத்தைப் பார்த்து ஜெனடிக் அல்காரிதத்துக்குப் புத்தகம் போட்டார். 1983-ல் காய்ச்சிய உலோகம் ஆறுவதைப் பார்த்து ஒன்று வந்தது. 1995-ல் கென்னடி, எபர்ஹார்ட் என்ற ரெண்டு பேர் (ஒருத்தர் சைக்காலஜி, ஒருத்தர் எலெக்ட்ரிக்கல்!) பறவைக் கூட்டத்தைப் பார்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். எனக்கு இந்த லிஸ்ட்டில் உயிர், எறும்புதான்.

1989-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரு சோதனை நடந்தது. எறும்புப் புற்றுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ரெண்டு பாலம், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. முதலில் எறும்புகள் ரெண்டிலும் கலந்துதான் போகின்றன. போகிற வழியில் ஒரு வாசனைப் பொருளை விட்டுக்கொண்டே போகும். குட்டைப் பாலத்தில் போனவை சீக்கிரம் திரும்பும், அதனால் அங்கே வாசனை சீக்கிரம் கூடும், அதனால் அடுத்தவையும் அங்கேயே திரும்பும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுக்கக் குட்டைப் பாலத்தில்! எந்த எறும்புக்கும் ரெண்டு பாலத்தையும் அளந்து பார்க்கிற மூளை கிடையாது. மார்கோ டொரிகோ என்ற இத்தாலிக்காரர் 1992-ல் மிலானில் தன் பி.எச்டி. ஆய்வேட்டில் இதை அல்காரிதமாக்கினார். அவர் அதில் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்தது வாசனை ஆவியாவதற்கு. பழைய வழியின் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக மறைய வேண்டும், இல்லையென்றால் முதலில் கிடைத்த சுமாரான வழியிலேயே கூட்டம் நின்றுவிடும். மறக்கத் தெரிந்த அல்காரிதம். அழகா இல்ல?

அப்புறம் தொடங்கியது மிருகக்காட்சி சாலை. 2014-ல் ஓநாய், 2016-ல் திமிங்கலம், நடுவில் முன்னும் பின்னும் என்னென்னவோ. கென்னத் ஸோரன்சன் என்ற ஆய்வாளர் 2015-ல் ஒரு கட்டுரையில் கடுப்பாகவே கேட்டார்: மிருகத்தின் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் புதுசா என்ன மிச்சம் இருக்கு? 2023-ல் டொரிகோவே தன் சகாக்களோடு ஓநாய், திமிங்கலம், மின்மினி, வௌவால் உட்பட ஆறு உத்திகளைப் பிரித்து மேய்ந்து, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த பறவைக்கூட்ட உத்தியும் அதன் உறவுக்காரர்களும்தான் புது வேஷத்தில் வந்திருக்கிறார்கள் என்று எழுதினார். ஓநாய்க்கு இன்னொரு அடி 2019-லேயே விழுந்திருந்தது. சரியான விடை பூஜ்யத்தில் இருக்கிற கணக்கு என்றால் அது பாய்ந்து பிடிக்கிறது, விடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் தடுமாறுகிறது என்று ஒரு ஆய்வு காட்டியது. எக்ஸாமில் எல்லாத்துக்கும் 'சி' போட்டுப் பாஸானவன் கதை!

சரி, எங்கள் திமிங்கலத்துக்கு வருவோம்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ராஜ்குமார் புய்யாவின் ஆய்வகத்தில் உருவான க்ளவுட்சிம் என்ற ஜாவா சிமுலேட்டரில்தான் எங்கள் வேலை. நிஜ டேட்டா சென்டர் வாங்க நம்மகிட்ட ஏது காசு? சீனியர்கள் கொடுத்துவிட்டுப் போன கோடு, அதில் திமிங்கலத்தைச் சேர்த்து ஓட்டினோம். பார் சார்ட் வந்தது. ரவுண்ட் ராபினின் பார் தென்னை மரம் மாதிரி, திமிங்கலத்தின் பார் வாழைக்கன்று மாதிரி. சுமார் அறுபது சதவீதம் குறைவு! என் ரூம்மேட் அதை அப்படியே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான்.

ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கும்போது, எங்கள் மூணு பேரில் ஒழுங்காக நோட்ஸ் எடுக்கிற ஒரே ஆளான எங்கள் டீம் லீடர், மெஸ்ஸில் ஒரு பேப்பரை நீட்டினாள். "இதைப் பாருங்கடா."

அதில் இருந்த கணக்கை அப்படியே தருகிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். 10 விஎம். அஞ்சு வேகமானவை, ஒரு டாஸ்க்கை ஒரு செகண்டில் முடிக்கும். அஞ்சு மெதுவானவை, அதே டாஸ்க்குக்கு நாலு செகண்ட். டாஸ்க் மொத்தம் 1,000, எல்லாம் ஒரே அளவு. ரவுண்ட் ராபின் என்ன செய்யும்? 'உனக்கு ஒன்று, உனக்கு ஒன்று' என்று பந்தியில் வடை வைக்கிற மாதிரி ஆளுக்கு 100 வைக்கும். மெதுவான விஎம் 100 டாஸ்க்கை முடிக்க 400 செகண்ட். வேகமானது 100 செகண்டிலேயே முடித்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது மிருகமே இல்லாத ஒரு விதி. ஒவ்வொரு டாஸ்க்கையும், எங்கே போட்டால் அது முதலில் முடியுமோ அங்கே போடு. வேகமானவை தலா 160 எடுத்துக்கொள்ளும், மெதுவானவை தலா 40. எல்லாம் 160-வது செகண்டில் ஒன்றாக முடியும். 400-லிருந்து 160. அறுபது சதவீதம்!

அவள் அதோடு விடவில்லை. பத்து விஎம்மும் ஒரு நொடிகூட சும்மா இல்லாமல் ஓடினாலே மொத்த வேலைக்கு 160 செகண்ட் ஆகும். அதற்குக் கீழே ஓநாயாலும் முடியாது, திமிங்கலத்தாலும் முடியாது. அதுதான் தரை. அந்தத் தரையில் ஒரு கோடு போட்டிருந்தாள். எங்கள் திமிங்கலம், முந்நூறு சுற்று நீந்திவிட்டு, அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் மிதந்துகொண்டிருந்தது.

க்ளவுட்சிம் மேல் தப்பே இல்லை. அது டிஃபால்ட்டாக வரிசையாகப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 'என்னைத் தோற்கடித்தால் நீ ஹீரோ' என்று அது சொல்லவே இல்லை.

"டாஸ்க் எல்லாம் ஒரே சைஸா இருக்கிறதால அப்படி. சைஸ் மாறினா திமிங்கலம் ஜெயிக்கும்" என்றான் ரூம்மேட். நல்ல பாயின்ட்தான். ஆனால் அதற்கும் பதில் 1966-லேயே இருக்கிறது. பெல் லேப்ஸின் ரொனால்ட் கிரஹாம் (இவர் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற வித்தையிலும் கில்லாடி, அந்தக் கலைஞர்களின் சர்வதேசச் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர்) நிரூபித்த விஷயம் இது: ஒரே வேக மெஷின்களில், காலியானதுக்கு அடுத்த வேலையைக் கொடுத்துக்கொண்டே போனால், தரைக்கும் உங்களுக்கும் இருக்கிற இடைவெளி இருப்பதிலேயே பெரிய ஒரு வேலையின் நீளத்தைத் தாண்டாது. 10 மெஷினில் 1,000 வேலை, பெரிய வேலை சராசரியைப் போல ரெண்டு மடங்கு என்றால், அந்த இடைவெளி ரெண்டு சதவீதத்துக்கும் குறைவு. எந்த மிருகத்தைக் கூட்டி வந்தாலும் அதற்குக் கிடைக்கிற மைதானம் அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடையில் 7-க்கும் 6-க்கும் அவ்வளவு வித்தியாசம் வந்ததற்குக் காரணம், வேலை அஞ்சே அஞ்சு என்பது.

அன்னிக்கு ராத்திரி எங்க ரூமில் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் சத்தம் அதிகம். ரூம்மேட்டின் வாதம் லேசானதல்ல. "மச்சி, சார்ட்டுல பொய் ஏதாவது இருக்கா? ரவுண்ட் ராபினோட கம்பேர் பண்ணோம், குறைஞ்சிருக்கு, காட்டுறோம். ஆஃபர் லெட்டர் கையில இருக்கு. டிகிரி டயத்துக்கு வரணும். எங்க அப்பா லோன் கட்ட ஆரம்பிக்கணும்டா." உண்மைதான். அந்த சார்ட்டில் ஒரு நம்பர்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எல்லா நம்பரும் நிஜமாக இருக்கும்போதே ஒரு படம் ஆளை ஏமாற்றுமா? ஏமாற்றும். மெதுவாக ஓடுகிறவனைப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டால் நானும் ஓட்டப்பந்தய வீரன்தான்.

மறுநாள் கைடு மேமிடம் பேப்பரைக் கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். "சரி, இங்க ஜெயிக்க இடம் இல்ல. இடம் இருக்கிற ப்ராப்ளத்தைத் தேடுங்க" என்றார். டைட்டில் மாற்ற ஒரு ஃபார்ம். ரூம்மேட் கடைசியாகக் கையெழுத்துப் போட்டான். போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இடம் எங்கே இருக்கிறது? கல்யாண சமையலில்! காய் நறுக்காமல் சாம்பார் வைக்க முடியாது, தேங்காய் துருவாமல் பாயசம் முடியாது. இப்படி ஒன்றையொன்று சார்ந்த டாஸ்க்குகளின் கூட்டத்துக்கு வொர்க்ஃப்ளோ என்று பெயர். இதில் விஷயம் நிஜமாகவே தலைகீழாகிறது. கிரஹாம் அதே 1966-ல் காட்டிய ஒரு வினோதம்: காலியானவருக்கு அடுத்த வேலை என்ற விதியோடு போனால், சமையல்காரர் ஒருத்தரைக் கூடுதலாகச் சேர்த்ததாலேயே பந்தி லேட்டாகலாம்! ஒவ்வொரு வேலையும் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தாலும் மொத்தம் லேட்டாகலாம். நம்ப முடியாமல் பேப்பரில் கட்டம் போட்டுப் பார்த்தேன். ஆகிறது.

இங்கே எறும்புக்கு வேலை இருக்கிறது. திமிங்கலத்தை விட்டு எறும்புக்கு நாங்கள் கட்சி மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திமிங்கலம் நீந்துகிற கடல் தொடர்ச்சியானது. அதன் இடம் 3.7 என்று வரும். அதை 4 என்று ரவுண்ட் பண்ணி 'நாலாவது விஎம்' என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 4 என்பது அந்த விஎம்முக்கு வெறும் பெயர்தானே? அஞ்சாம் நம்பர் பஸ்ஸுக்கும் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுக்கும் நடுவில் ஏழாம் நம்பர் பஸ் ஓடும் என்று நம்பி ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி. எறும்புக்கு அந்தப் பிரச்னை இல்லை. 'இந்த டாஸ்க், இந்த விஎம்' என்ற ஜோடியின் மேல்தான் வாசனை படியும். நம்பர் என்னவாக இருந்தால் என்ன?

இந்த முறை எதிரியையும் கௌரவமானவராகத் தேர்ந்தெடுத்தோம். ஹெஃப்ட் என்று 2002-ல் வந்த ஒரு விதி. மிருகம் இல்லை, வாசனை இல்லை. எந்த டாஸ்க்குக்குப் பின்னால் அதிக வேலை காத்திருக்கிறதோ அதை முதலில் எடு, சீக்கிரம் முடிகிற மெஷினில் போடு. நிமிஷக் கணக்கெல்லாம் எடுக்காது. எறும்புகள் சில வொர்க்ஃப்ளோக்களில் அதை ஜெயித்தன, சிலதில் சமம், ரெண்டில் தோல்வி. எல்லாவற்றையும் டேபிளில் போட்டோம்.

அப்புறம் எட்ஜ் வந்து எங்களை மறுபடி உட்கார வைத்தது.

கிளவுட் தூரத்தில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர மட்டுமே குறைந்தது 10 மில்லி செகண்ட், கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை, நடுவில் நிற்கிற இடங்கள் வேறு. ஃபேக்டரி பெல்ட்டில் ஓடுகிற பொருளில் விரிசல் இருக்கிறதா என்று கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால், அதற்குள் பொருள் கடந்து போய்விடும். அதனால் கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன பாக்ஸ் வைத்து அங்கேயே கணக்குப் போடுகிறார்கள். அதுதான் எட்ஜ்.

அந்த இடத்தில் போய் எங்கள் எறும்புகள் ஐந்நூறு சுற்று சுற்றினால்? வேலை முப்பது மில்லி செகண்ட், 'எங்கே போடலாம்' என்று யோசிக்க ரெண்டு செகண்ட்! ஒரு ஸ்டாப் தூரத்தில் இருக்கிற ஹாஸ்டலுக்கு எந்த பஸ்ஸில் போகலாம் என்று ரூட் மேப்பை விரித்து வைத்து ஆராய்கிற ஆள் மாதிரி.

நிஜத்தில் பெரிய கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தோம். கூபர்நெட்டிஸின் ஷெட்யூலர் முதலில் தகுதியில்லாத மெஷின்களை வடிகட்டுகிறது, மிச்சத்துக்கு மார்க் போடுகிறது, அதிக மார்க்குக்கு வேலை. அவ்வளவே. இன்னும் எளிமையான ஒன்று இருக்கிறது. ரயில்வே கவுன்ட்டர் இருபது இருந்தால் எல்லா வரிசையையும் எண்ண வேண்டாம், கண்ணில் பட்ட ஏதாவது ரெண்டைப் பார்த்து சின்னதில் நில்லுங்கள். இந்த 'ரெண்டில் ஒன்று' எவ்வளவு பெரிய முன்னேற்றம் தரும் என்பதைக் கணிதமாக நிரூபித்தது தொண்ணூறுகளில். 1996-ல் மைக்கேல் மிட்சன்மாக்கர் இதற்காகவே ஒரு பி.எச்டி. எழுதினார். என்ஜின்எக்ஸ் சர்வரில் இன்றைக்கும் இந்த ஆப்ஷன் இருக்கிறது.

'அப்போ இயற்கைக்கு எட்ஜில் இடமே இல்லையா?' என்று நான் சோர்ந்துபோயிருந்தபோது கண்ணில் பட்டது ஸ்டான்ஃபோர்டின் டெபோரா கார்டன் பல வருஷமாகப் பின்தொடர்கிற பாலைவன எறும்புகள். இவை விதை பொறுக்குகிறவை. வெயிலில் வெளியே போவதே உடம்பின் தண்ணீரைச் செலவழிக்கிற வேலை. அதனால் புற்று வாசலில் காத்திருக்கிற எறும்பு, விதையோடு திரும்பி வருகிறவர்களைக் கவனிக்கிறது. அடிக்கடி வந்தால், வெளியே சாப்பாடு கொட்டிக் கிடக்கிறது, கிளம்பு. வரவில்லையா, சும்மா இரு. 2012-ல் அவரும், அதே ஸ்டான்ஃபோர்டின் பாலாஜி பிரபாகரும் இன்னொருவரும் சேர்ந்து, இது இன்டர்நெட்டில் டேட்டாவை அனுப்புகிற டிசிபி-யின் வேலையைப் போலவே இருக்கிறது என்று காட்டினார்கள். போன பாக்கெட்டுக்குப் பதில் எவ்வளவு வேகத்தில் வருகிறதோ, அதைப் பார்த்து அடுத்ததை அனுப்புகிற அதே சூட்சுமம்.

சுற்றுக் கணக்கு இல்லை. முன்கூட்டித் திட்டம் இல்லை. அந்த நொடியில் வாசலில் என்ன தெரிகிறதோ அதை வைத்து முடிவு. நாங்கள் டெக்ஸ்ட் புக் எறும்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கேள்விக்கு, நிஜ எறும்பு வாசலிலேயே பதில் வைத்திருந்தது! இதைப் படித்த அன்று ரூம்மேட்தான் முதலில் எழுந்து உட்கார்ந்தான். "டேய், இதை நான் கோடு பண்றேன்" என்றான். டைட்டில் மாற்றியதிலிருந்து அவன் தானாக லேப்டாப்பைத் திறந்தது அன்றுதான்.

இப்போது எங்கள் ப்ராஜெக்ட் ரெண்டு மாடி. மேலே கிளவுடில், அவசரமில்லாத வொர்க்ஃப்ளோக்களுக்கு டொரிகோவின் எறும்பு நிதானமாகத் திட்டம் போடும். கீழே எட்ஜ் பாக்ஸில், பக்கத்து பாக்ஸ் எவ்வளவு சீக்கிரம் வேலையை முடித்துத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பார்த்து அடுத்ததை அனுப்புகிற வாசல் எறும்பு. எல்லா சார்ட்டிலும் தரையில் ஒரு கோடு உண்டு. டீம் லீடர் அதைச் சிவப்பில் போடுகிறாள்.

செகண்ட் ரிவ்யூவில் பேனலில் இருந்த ஒருத்தர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ப்ரொபோஸ்டு பெருசா ஜெயிக்கலையேம்மா? போன பேட்ச்சுல அறுபது பர்சென்ட் காட்டினாங்க."

"ஜெயிக்க இருந்த இடமே அவ்வளவுதான் சார்" என்றாள்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். மார்க் இன்னும் போர்டில் ஒட்டவில்லை. ஒரு கான்ஃபரன்ஸுக்கு அனுப்பிய பேப்பர், 'புதுமை போதாது' என்று திரும்பி வந்திருக்கிறது. ரெண்டில் தோற்றதைக் குறைக்கச் சொல்லியும் ஒரு வரி. ரூம்மேட் அந்த ரெண்டு வொர்க்ஃப்ளோவையும் மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறான், நீக்குவதற்கு இல்லை, எறும்பு எந்த இடத்தில் வழி மாறுகிறது என்று பார்க்க. வைவா பத்தொன்பதாம் தேதி.